பிடியின் இடப்பக்கம்

“கையை ஆட்டாதடி,” என்றார் விர்ஜில்.

மார்லா ஆட்டவில்லை. அது தானாக ஆடியது. கட்டிலின் குறுக்கே போட்டிருந்த சாப்பாட்டுப் பலகைமேல் ஒரு பழைய தபால் உறையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மகளுடைய வலது கையை விரித்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். இரண்டு அங்குலம் இழுப்பார், மூச்சு வாங்குவார், மறுபடி இழுப்பார். முப்பத்தோரு வருஷம் மலைப்பாதையில் தபால் போட்ட மனுஷன். பென்சில் பிடிக்கவே இப்போது இரண்டு கை வேண்டியிருந்தது.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் வரைக்கும் பென்சில் தடையில்லாமல் போயிற்று. மோதிர விரலுக்கு வந்ததும் நின்றது. அந்த விரலும் பக்கத்துச் சுண்டுவிரலும் ஒடிந்து, பிறகு கோணலாகக் கூடியவை. விர்ஜில் அந்தக் கோணலை நேராக்கி வரையவில்லை. அது எப்படி வளைந்திருந்ததோ அப்படியே, ஓரத்தை ஒட்டி மெதுவாகப் போனார்.

“இது மடங்குமா?”

“பாதி மடங்கும்பா.”

“சுண்டுவிரலு?”

“அது அப்படியேதான்.”

“ம்,” என்றார் விர்ஜில். அந்த இரண்டு விரல்களைப் பற்றி அப்பாவும் மகளும் நான்கு வருஷத்தில் பேசியது அவ்வளவுதான்.

ஒடித்தவன் ராய்ஸ். ஆறு வருஷம் அவளுக்குப் புருஷனாக இருந்தவன். சர்ச்சில் சமபந்தி விருந்து நடக்கும்போது மேஜைக்கடியில் அவள் கையை எடுத்து வைத்துக்கொள்வான். பார்த்தவர்கள், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கைபிடித்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று பூரித்துப் போவார்கள். அவன் இறுக்க ஆரம்பிப்பான். கடைசியாக இறுக்கிய அன்றைக்கு இரண்டு விரல் ஒடிந்தது. ஒடிந்த அதே நேரத்தில் மேஜைக்கு மேலே, உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவளைக் காரால் இடித்ததற்குத்தான் ஜெயில், விரலுக்காக இல்லை. மார்ச் மாதம் வெளியே வந்துவிட்டான். கிட்டே வரக்கூடாது என்று கோர்ட் கொடுத்த காகிதம் அதற்கு முன்பே காலாவதியாகியிருந்தது. போலீஸ்காரர் ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார். அவன் ஏதாவது செய்தால் உடனே சொல்லுங்கள் என்றார்.

ஆற்றைத் தாண்டி ஒஹாயோவில் கார்லி என்ற சின்ன ஊரில், அம்மாவின் குடும்பப் பெயரைப் போட்டுக்கொண்டு, ஒரு பல் ஆஸ்பத்திரியில் கணினிமுன் உட்கார்ந்து பிழைத்துக்கொண்டிருந்தாள் மார்லா. ஊர் பெயர் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அப்பா, அப்பாவின் தங்கை வில்டா அத்தை, அப்பாவின் சிநேகிதர் எஸ்டில். அப்பாவுக்கு இனி நாள் கணக்குதான் என்று அத்தை போன் செய்ததும் கென்டக்கிக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அந்தச் செருப்புப் பெட்டிய எடு,” என்றார் விர்ஜில்.

பெட்டிக்குள் ரிவால்வர் பிடிகள். ஐந்து குண்டு போடும் அந்தச் சின்ன ரிவால்வரைத் தபால் இலாகா விதிக்கு விரோதமாக முப்பத்தோரு வருஷமும் கால்சட்டைப் பையில் வைத்திருந்தவர் அவர். அதற்கு மாற்றி மாற்றிப் போட்ட பிடிகள் ஏழெட்டு ஜோடி இருந்தன. விரலுக்குப் பள்ளம் வைத்த கறுப்பு ரப்பர், முத்துப்போல மினுக்கும் வெள்ளை பிளாஸ்டிக், தகடுபோல மெல்லியது, பழைய வால்நட் மரத்தது. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு துண்டு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவே ஒரே ஒரு திருகாணி.

“எனக்கு இது வேணாம்பா. சுடவே தெரியாது. தொடவே பயமா இருக்கு.”

“பயப்படு. நான் வேணாங்கல. பயந்துகிட்டே பிடிச்சுப் பாரு.”

வில்டா அடுக்களை வாசலில் நின்று முறைத்தாள். வீட்டில் துப்பாக்கி எதுவும் இருக்கக்கூடாது என்று சாவுக்காலத் துணைக்கு வரும் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வேட்டைத் துப்பாக்கி மூன்றையும் எஸ்டில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இது ஒன்றுமட்டும் தலையணை உறைக்குள் தங்கிவிட்டது. அண்ணன் வலி தாங்காமல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு விடுவாரோ என்ற பயத்தில், வில்டா அதன் குண்டுகளை உருவி எங்கேயோ ஒளித்து வைத்திருந்தாள்.

“சாகக் கிடக்கற மனுஷனுக்கு விளையாட்டுச் சாமான் கேக்குது,” என்றாள்.

“நீ போயி பீன்ஸ் அடிபிடிக்காம பாரு,” என்றார் அண்ணன்.

முதலில் ரப்பர் பிடி. அதைப் போட்டு அவள் கையில் கொடுத்தார். உள்ளங்கைக்கு இதமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் மார்லாவுக்கு அது பிடித்தே போயிற்று. ஆனால் விரல் பள்ளங்கள் ஒழுங்கான விரல்களுக்காகச் செய்தவை. கடைசிப் பள்ளத்தில் அவளுடைய சுண்டுவிரல் உட்காராமல் துருத்திக்கொண்டு நின்றது.

“பரவால்லப்பா, மெத்துனு இருக்கு.”

“மெத்துனுதான் இருக்கும். பாக்கெட்டுல போடு. இப்ப எடு.”

எடுத்தாள். பாக்கெட்டின் உள்துணி முழுக்க ரப்பரைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து நாக்குபோலத் தொங்கிற்று. விர்ஜில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

“பாத்தியா? ரப்பர் துணிய விடாது. அவன் வந்து நிக்கறப்ப, கொஞ்சம் இருப்பா, பாக்கெட்ட உள்ள தள்ளிக்கறேன்னு சொல்லுவியா?”

அவன் என்று சொன்னதும் அறைக்குள் யாரோ நுழைந்துவிட்டதுபோல மார்லா கதவைத் திரும்பிப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது.

மெல்லிய தகடு கைக்குள் நிற்கவேயில்லை. வெள்ளை பிளாஸ்டிக் வழுக்கியது. கடைசியில் வால்நட்டை எடுத்தார். விரல் பள்ளம் கிடையாது, துணியில் மாட்டாது. ஆனால் அது விர்ஜிலின் பெரிய கைக்கானது, தடிமன். உப்புத்தாளை நாலாக மடித்தார். வலப்பக்கத் துண்டை எடுத்துத் தபால் உறையில் வரைந்த கையோடு வைத்துப் பார்ப்பதும் தேய்ப்பதுமாக உட்கார்ந்துவிட்டார். மார்லா தேய்க்கிறேன் என்றாலும் விடவில்லை. தேய்ப்பார், அவள் உள்ளங்கையில் வைத்து அமுக்குவார், எங்கே உறுத்துகிறது என்பார், மறுபடி தேய்ப்பார். மரத்தூள் போர்வையெல்லாம் விழுந்தது. நர்ஸின் கார் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் போர்வைக்கடியில் தள்ளிவிட்டுத் தூங்குவதுபோலக் கிடந்தார். நர்ஸ் நாடி பார்த்தாள், மூச்சை எண்ணினாள், தூளைத் தட்டிவிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போய் வில்டாவிடம், இன்றோ நாளையோ என்றாள்.

வலப்பக்கம் முடிந்தபோது மணி இரண்டரை. திருகாணியை முடுக்கிக் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் அது பதிந்து உட்கார்ந்தது. மார்லாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“இடப்பக்கம் இன்னும் தடிமனா இருக்குப்பா.”

“தெரியும். கொஞ்சம் கண்ண மூடிட்டு எந்திரிச்சுப் பண்றேன்.”

எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு முன்னால், இரண்டு மூச்சுக்கு நடுவில் இடைவெளி அதிகமாகி, ஒரு இடைவெளி முடியாமலே போயிற்று. மார்லா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆக்ஸிஜன் இயந்திரம் ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டேயிருந்தது. வில்டா வந்து, அண்ணன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து அதை நிறுத்தினாள். அப்புறம்தான் வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. மடித்த உப்புத்தாள் அவர் கைக்குள்ளேயே இருந்தது. மார்லாவுக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னால் பயம்தான் வந்தது. இனிமேல் கதவுக்கு இந்தப் பக்கம் அப்பா இல்லை.

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு அடுக்களை ரேடியோவில் ஆர்கன் இசை வந்தது. அந்த மலைப் பள்ளங்களில் சாவுச் செய்திகளை மதியச் சாப்பாட்டு வேளையில் ரேடியோவில் வாசிப்பார்கள். எல்லா வீட்டிலும் அந்தப் பத்து நிமிஷம் கரண்டிச் சத்தம்கூட இருக்காது. வில்டா சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அறிவிப்பை எழுதிக் கொடுத்தவள் அவள்தான். மூன்று முறை திருத்தி எழுதியதாக மார்லாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

“விர்ஜில் ஜேம்ஸ் காட்ரெல், வயது எழுபத்தாறு, லாரல் ஃபோர்க். தபால் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றியவர். அவரை இழந்து வாடுபவர்கள், தங்கை வில்டா, லாரல் ஃபோர்க். மகள் மார்லா, கார்லி, ஒஹாயோ. பார்வைக்கு வைக்கப்படுவது லாரல் ஃபோர்க் இறுதிச்சடங்குக் கூடத்தில், வியாழக்கிழமை மாலை மூன்று முதல் ஆறு வரை. அடக்கம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி…”

மார்லாவின் கையிலிருந்த கோப்பை மேஜையில் சாய்ந்து காப்பி ஓடிற்று. அதை யாரும் துடைக்கவில்லை.

“அத்தை. ஊர் பேரு சொல்லிட்டாங்க.”

“எல்லாருக்கும்தான் ஊர் சொல்வாங்க.”

“என் ஊர் பேரு, அத்தை!”

வில்டாவின் முகம் முதலில் ஒன்றும் புரியாமல் இருந்தது. பிறகு புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது, தன்மேல் வரவேண்டியது மருமகள்மேல் வந்தது.

“பேருக்குப் பக்கத்துல ஊர் போடாம எப்படிடி எழுதறது? பெத்த அப்பனோட சண்டை போட்டுட்டுப் போனவ, எங்க இருக்கான்னே தெரியலன்னு பேச மாட்டாங்களா? பேப்பர்ல நூறு வருஷமா அப்படித்தான் எழுதறாங்க!”

“பேசட்டுமே! பேசினா செத்தா போயிடுவோம்?”



வில்டா ரேடியோ நிலையத்துக்குப் போன் போட்டாள். சாயங்கால வாசிப்பில் எடுத்துவிடுகிறோம் என்றார்கள். வாரப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள் பத்திரிகைக்காரர்கள். எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு மார்லா நிற்பாள் என்பதும், அதற்குப்பின் எந்த ஊருக்குத் திரும்பிப் போவாள் என்பதும், ரேடியோ வைத்திருக்கும் யாருக்கும் இப்போது தெரியும். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எஸ்டில் வந்தார். நாற்பது வருஷம் சுரங்கத்துக் கூரைக்கு முட்டுக் கொடுத்த ஆள், தோள் இன்னும் கதவளவு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“ரேடியோ கேட்டேன்,” என்றார்.

“நாளைக்கு நான் வரல மாமா,” என்றாள் மார்லா. “சத்தியமா என்னால முடியாது. இப்பவே கெளம்பிடறேன்.”

எஸ்டில் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். “போறதுன்னா எங்கம்மா போவ? கார்லிக்கா?”

மார்லா ஒரு துணியை எடுத்து மேஜையில் காய்ந்துபோன காப்பியைத் துடைத்தாள்.

“உங்கப்பன் பக்கத்துல நீ நிக்கணும். அதுக்குமேல நான் என்ன சொல்றது,” என்றுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் மார்லா அத்தையின் கறுப்பு கவுனைப் போட்டுக்கொண்டாள். வலப்பக்கத் தையலில் ஒரு பாக்கெட் இருந்தது, அதனால்தான் அது. வால்நட் பிடியின் இரண்டு துண்டையும் மாட்டித் திருகாணியை முடுக்கினாள். வலப்பக்கம் அவளுடையது, இடப்பக்கம் பழையபடி அப்பாவுடையது.

“குண்டு எங்க அத்தை?”

வில்டா கண்ணாடியில் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். திரும்பாமலேயே, “சோள மாவு டப்பாவுல,” என்றாள்.

ஐந்து குண்டும் மாவு பூசிக்கொண்டு வந்தன. மார்லா ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டாள். பாக்கெட்டில் போட்டதும் கனத்தில் கவுன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கிற்று. வில்டா வந்து, இடுப்பில் உள்பக்கமாக ஒரு ஊக்கைக் குத்தி நேராக்கிவிட்டாள்.

இறுதிச்சடங்குக் கூடத்தில் மூன்று மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. விர்ஜில் தபால் போட்ட இருநூற்றுச் சொச்சம் வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்ததுபோல இருந்தது. சவப்பெட்டியில் அவர் தன்னுடைய ஒரேயொரு நல்ல கோட்டோடு கிடந்தார். கன்னத்தில் யாரோ கொஞ்சம் சிவப்புப் பூசியிருந்தார்கள். இவருக்கு இது பிடிக்காதே என்று நினைத்தாள் மார்லா. வந்தவர்கள் வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, பெட்டியண்டை நின்று, பிறகு குடும்பத்தாரிடம் வந்து கை கொடுத்தார்கள். மார்லா எல்லோருக்கும் இடது கையைக் கொடுத்தாள். வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது.

“கைக்கு என்னம்மா?” என்று கேட்டாள் ஒரு கிழவி.

“வலி.”

“அதான, குளிர் போனாலும் எலும்பு மறக்காது,” என்று முழங்கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

மே மாதப் புழுக்கம். கூடத்தின் ஓரத்தில் ஏழெட்டுக் கிழவர்கள் மூன்று மணியிலிருந்தே நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. முகமெல்லாம் வேர்வை, ஒரு பக்கம் கனத்துத் தொங்கிய கோட்டை ஒருவர்கூடக் கழற்றவில்லை. மார்லா அதைப் பார்த்தாள், ஆனால் யோசிக்கவில்லை. அவளுடைய கண் வாசல் கதவிலேயே இருந்தது.

நாலே முக்காலுக்கு ராய்ஸ் வந்தான்.

முகம் மழித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். வருகைப் புத்தகத்தின்முன் குனிந்து நிதானமாகப் பெயர் எழுதினான். பேனாவைத் திருப்பி அதன் இடத்தில் வைத்தான். வரிசையில் தனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாளிடம் ஏதோ தன்மையாகச் சொல்ல, அவள் திரும்பி அவன் யாரென்று பார்த்து, வாயை மூடிக்கொண்டு முன்னால் திரும்பினாள்.

அவனுக்கும் மார்லாவுக்கும் நடுவே பதினோரு பேர். கால் நகரவில்லை. பின்பக்கக் கதவு பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. போய்விடலாம். போனால் அப்பா தனியாகக் கிடப்பார், இவன் வந்து பெட்டியண்டை நின்று அவரைக் குனிந்து பார்ப்பான். எட்டுப் பேர். பக்கத்தில் வில்டா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், இன்னும் பார்க்கவில்லை. ஐந்து பேர். பாக்கெட்டுக்குள் பிடியை இறுக்கினாள். சுட வேண்டி வந்தால்? அவனுக்குப் பின்னால் எஸ்டில் மாமா நிற்கிறார், எஸ்டில் மாமாவுக்குப் பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, அவளுக்குப் பின்னால் சர்ச் பியானோக்காரர். எங்கே பார்த்து எதைச் சுடுவது? அப்பா எல்லாம் யோசித்தார், துணியில் மாட்டக்கூடாது என்றார், விரல் மடங்குமா என்றார். அறை நிறைய ஜனம் நிற்கும் என்று யோசிக்கவில்லையே என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

வலப்பக்கம் உள்ளங்கைக்குள் அடக்கமாக இருந்தது. விரல் நுனிகள் சுற்றிப்போய் இடப்பக்கத்தில் பட்டன. அங்கே மரத்தில் சின்னச் சின்னக் குழிகள். அவளுடைய விரலுக்கானவை இல்லை. வருஷக்கணக்காக அவர் கை இருந்து இருந்து தேய்ந்த இடங்கள். மார்லா விரல்களை அவற்றில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு பேர். ஒருத்தர். அப்புறம் அவன்.

“மார்லா,” என்றான் ராய்ஸ். குரல் ரொம்ப மிருதுவாக இருந்தது. “கேள்விப்பட்டதும் மனசே ஆறல. என்கிட்ட எப்பவும் நல்லபடியாத்தான் இருந்தாரு.”

அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கார்லியாமே? ஆத்தோர ஊரு, நல்லா இருக்கும்னு சொல்றாங்க. ஒரு தரம் வந்து பாக்கணும்.”

வில்டா அப்போதுதான் திரும்பினாள்.

ராய்ஸ் வலது கையை நீட்டினான். கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. கை கொடுக்க வந்தவனுக்குக் கை கொடுக்க வேண்டும், அதுதான் அங்கே முறை. அவன் காத்திருந்தான். இடது கையை அவள் தூக்கவில்லை. வலது கையையும் எடுக்கவில்லை. அவன் கண் கீழே இறங்கிப் பாக்கெட்டைப் பார்த்தது, பிறகு மேலே வந்தது. சிரித்தான். உருளைக்கிழங்கு சாலட் கேட்ட அதே சிரிப்பு. கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான்.

அந்தக் கையை எஸ்டில் பிடித்துக்கொண்டார்.

“அடடே, ராய்ஸ்! நம்ம ராய்ஸா?” என்றார் பின்னாலிருந்து முன்னால் வந்து. “எத்தன நாளாச்சுப்பா பாத்து!” பிடித்த கையைக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார். விடவில்லை. ராய்ஸின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது.

“விடுங்க,” என்றான் மெதுவாக.

“விர்ஜில் உன்னப் பத்தி நெறைய சொல்லியிருக்காருப்பா. நெறைய. வா, இவர உனக்குத் தெரியுமே?” என்று இழுத்துக்கொண்டே இரண்டடி நடந்து, ஓரத்தில் நின்ற முதல் கிழவரிடம் அந்தக் கையை ஒப்படைத்தார். அவர் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்பா,” என்று குலுக்கினார். “வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.” அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். அடுத்தவர் கறிக்கடைக்காரர்.

ஏழு பேர். ஒவ்வொருவரும் சாவு வீட்டில் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார்கள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. ராய்ஸ் மூன்றாவது ஆளிடமே கையை உருவப் பார்த்தான், முடியவில்லை. ஐந்தாவது ஆளிடம் ஸ் என்று பல்லைக் கடித்தது கூடம் முழுக்கக் கேட்டது. பெண்கள் தங்கள் கைப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கிழவர் வாசலில் நின்றார். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கதவைத் திறந்தார்.

“அந்த நீலக் கார்தான உன்னது? பாத்து ஓட்டுப்பா. நம்பர்லாம் எழுதி வெச்சிருக்கோம், தொலைஞ்சா சொல்லு.”

கதவு மூடிற்று. எஸ்டில் வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பி வந்து, மார்லாவின் முன்னால் நின்றார்.

“வருத்தமா இருக்கும்மா,” என்றார். முதல் தடவையாக அப்போதுதான் வருகிறவர்போல.

மார்லா தலையாட்டினாள். ஆறு மணிவரை அப்படியே நின்றாள். பார்வை நேரம் முடிந்து எல்லோரும் போனபிறகு வலது கையை வெளியே எடுக்கப் பார்த்தாள், விரல்கள் திறக்கவில்லை. அவள் இழுத்த இழுப்பில் பாக்கெட்டின் உள்துணி ஓரத்தில் டர்ரென்று கிழிந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் மலைமுகட்டில் இருந்தது. மேஜை கொள்ளாமல் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த சாப்பாடு. பன்றித் தொடைக்கறி, பீன்ஸ், சோள ரொட்டி, ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் திருப்பித் தரவேண்டியவர் பெயர் ஒட்டியிருந்தது. இருவருக்கும் பசியில்லை. மார்லா கவுனைக் கழற்றிவிட்டுத் தன் பழைய உடையில் வந்து உட்கார்ந்தாள். ரிவால்வரைச் செருப்புப் பெட்டியின் பக்கத்தில் வைத்தாள். உப்புத்தாள் அப்பா மடித்த மடிப்பு கலையாமல் பெட்டிக்குள் இருந்தது.

“கார்லில வீட்டுக்காரம்மாவுக்குப் போன் பண்ணணும் அத்தை,” என்றாள். “காலி பண்றேன்னு. வேலையிலயும் சொல்லணும்.”

வில்டா தொட்டியண்டை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குழாயைத் திறந்தாள், ஒன்றும் கழுவாமல் மூடினாள்.

“எங்க போவ?”

“தெரியல.”

வில்டா திரும்பி, “அந்த இடப்பக்கத்த எஸ்டில்கிட்ட கொடுத்தா தேச்சுத் தருவான்,” என்றாள்.

“வேணாம். அது இருக்கட்டும்.”

வில்டா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கறுப்பு கவுனும் தையல் டப்பாவும், உடுத்தாத ஒரு பழைய கோட்டிலிருந்து வெட்டிய கெட்டித் துணியும் கொண்டுவந்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பாக்கெட்டின் கிழிந்த உள்துணியைத் தையல் தையலாகப் பிரித்து எடுத்துக் கீழே போட்டாள். புதுத் துணியை மேஜைமேல் விரித்து நீவிவிட்டாள். துணியில் கோடு போட வைத்திருந்த, தேய்ந்துபோன சோப்புத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“கையை வை.”

மார்லா வலது கையைத் துணிமேல் விரித்து வைத்தாள்.

சோப்பு மணிக்கட்டில் ஆரம்பித்துக் கட்டைவிரலைச் சுற்றி, ஆள்காட்டி, நடுவிரல் என்று வெள்ளைக் கோடாகப் போயிற்று. கோணல் விரல்களிடம் வந்ததும் நின்றது. கோடு அங்கே இரண்டு இடத்தில் நெளிந்து விலகியது.

“ஆட்டாதடி,” என்றாள் வில்டா.

மார்லாவின் கை துணிமேல் அசையாமல் இருந்தது. அவள் இடது கையை நீட்டி, சோப்பு பிடித்திருந்த அத்தையின் மணிக்கட்டை லேசாகப் பிடித்துக்கொண்டாள். கோடு சுண்டுவிரலைச் சுற்றி இறங்கி வந்தது.